கொடகவெலச் சந்தியும் தோட்ட வழிகளும்

அரசர் இருந்து ஆண்ட நகரங்களுக்குக் கல்வெட்டுக்கள் உண்டு; துறைமுகப் பட்டினங்களுக்கு அயல்நாட்டார் எழுதிவைத்த பிரயாணக் குறிப்புக்கள் உண்டு. வீதியோரத்தே தோன்றி வளர்ந்த சிறுநகரங்களுக்கு இவ்விரண்டும் வாய்ப்பதில்லை. ஆதலின் அவற்றுக்கு வரலாறே இல்லையென எண்ணுவாரும் உளர். சப்பிரகமுவை மாகாணத்து இரத்தினபுரி மாவட்டத்திலே, பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பெருவீதியின் மேல் அமைந்துள்ள கொடகவெல அத்தகைய நகரங்களுள் ஒன்றாகும். பஸ்வண்டிகளும் லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் நெருங்கி நிற்க, அவற்றினூடே பாடசாலைப் பிள்ளைகளும் சந்தைக்கு வந்தோரும் வழிதேடிச் செல்லும் அந்நகரின் நெருக்கத்தைக் கண்டு முகஞ்சுளிப்போர் பலர். அந்நெருக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்போர் சிலர். கேட்கப் புகுந்தாலோ, வியப்புக்குரிய செய்தியொன்று வெளிப்படும். அவ்வீதியின் போக்குவரத்துக்குக் காரணமான தொழில்களில் உடலுழைத்த மக்களுள் ஒரு சாரார், சட்டத்தின் கண்ணிலே, அவ்வீதிக்குரிய பொதுமக்களாக நெடுங்காலம் எண்ணப்படவில்லை.

முதலில் நகரின் இருப்பிடத்தை நோக்குதல் வேண்டும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகக் கிழக்கே செல்லும் பெருவீதியிலிருந்து பெல்மதுளையிலே ஒரு கிளை பிரிந்து தெற்கே இறங்குகின்றது. இக்காலத்தில் ஏ 18 என இலக்கமிடப்பட்டுள்ள அவ்வீதி கஹவத்தையையும் மாதம்பைச் சந்தியையும் கடந்து கொடகவெலவை அடைந்து, பல்லேபெத்த, எம்பிலிப்பிட்டிய ஆகிய இடங்களினூடாக நோனாகமவிலே தென்கரைப் பெருவீதியுடன் கூடுகின்றது. காலியிலிருந்து தெனியாய, இறக்குவானை ஆகிய மலைப்பகுதிகளை ஊடறுத்து வரும் ஏ 17 வீதி மாதம்பையிலே இதனுடன் இணைகின்றது. மேற்கிலும் வடக்கிலும் மழை மிகுந்த தேயிலை, இறப்பர் மலைகள். தெற்கிலும் கிழக்கிலும் வளவை கங்கையின் வரண்ட சமவெளி. ஈரவலயமும் உலர்வலயமும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடைவலயத்திலே இந்நகர் இருக்கின்றது. ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘வெல’ என்பது சிங்களத்தில் வயலைக் குறிக்கும் சொல். வயல்வெளியின் பெயரைக் கொண்ட ஊர் இன்று வண்டிகளின் ஊராய்விட்டது.

மலையிற் கிடைப்பது சமவெளியிற் கிடையாது. சமவெளியிற் கிடைப்பது மலையிற் கிடையாது. இத்தகைய எல்லையிடங்களிலே பண்டமாற்று நிகழ்தல் இயல்பு. கண்டியரசர் காலத்திலே அம்பாந்தோட்டைக் கரையின் உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகிலேறி உள்நாடு சென்றன. பாக்கும் பிற மலைப்பொருள்களும் அவ்வாறே கீழிறங்கின. அம்மாட்டு வரிசைகளைத் ‘தவளம்’ என்பர். தவளம் சென்ற வழி வீதியன்று, ஒற்றையடிப் பாதையே. ஆயினும், மாடு இளைப்பாறுவதற்கும் மனிதன் நீரருந்துவதற்கும் ஓரிடம் வேண்டும் என்னும் தேவை அக்காலத்திலேயே உண்டாயிற்று. பல்லேபெத்தவுக்கு அண்மையிலுள்ள சங்கபால விகாரை, துட்டகைமுனுவின் பதின்மர் வீரருள் ஒருவனாகிய புஸ்ஸதேவனோடு ஐதிகத்தாற் பிணைக்கப்படுவது. இவ்வழி மனித நடமாட்டத்துக்குப் புதியதன்று என்பதற்கு அவ்விகாரையும் ஒரு சான்று.

வண்டி செல்லும் வீதிகளை இந்நாட்டு மலைகளிலே பரக்க அமைத்தது பிரித்தானியர் ஆட்சி. 1820களில் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் கொழும்பு–கண்டி வீதியை அமைத்தமை படைநோக்கத்தினாலே. பின்வந்த வீதிகளுக்குக் கோப்பியே காரணம். 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஆண்டுக்கு 6 நாள் வீதிவேலை செய்தல் வேண்டும், இன்றேல் 3 சிலிங் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம் என்பது வரலாறு பயின்றோர் அறிந்ததே. தன் வயலுக்கும் தன் கிராமத்துக்கும் பயன்படாத வீதியைத் தன் உடலுழைப்பால் அமைக்கவேண்டியிருந்த கிராமத்தவனின் மனக்கசப்பை எளிதில் உணரலாம். 1860களிலே, தோட்டங்களுக்குச் செல்லும் கிளைவீதிகளின் செலவை அரசாங்கமும் தோட்ட முதலாளிகளும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு சட்டமாயிற்று. இச்சிறு ஏற்பாட்டின் உட்கருத்தை ஊன்றி நோக்குதல் தகும். பொதுவீதி எதுவரை, தோட்டத்து வழி எதுவரை என்னும் எல்லைக்கோடு இந்நாட்டின் மலைகளிலே ஆழமாகப் பதிந்தது அக்காலத்திலேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் இறக்குவானை ஒரு கோப்பி மாவட்டமாகப் பெயர்பெற்றது. மலைச்சாரலில் விளைந்த கோப்பியை மாட்டுவண்டிகள் இரத்தினபுரி நோக்கி ஏற்றிச்சென்றன. இரத்தினபுரியிலிருந்து களுகங்கை வழியே பாதைப்படகுகள் களுத்துறைக்கு இறங்கின. 1869இல் மடுல்சீமைப் பக்கத்திலே முதன்முதற் காணப்பட்ட இலைநோய் சில ஆண்டுகளிற் கோப்பியை அழித்தொழித்தது. அதனிடத்தைத் தேயிலையும், தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் கைப்பற்றின. பயிர் மாறியது, வழி மாறவில்லை. கோப்பியை ஏற்றிய வண்டித்தடத்திலேயே தேயிலைப் பெட்டிகளும் இறப்பர்த் தாள்களும் சென்றன.

கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கோப்பிக்கு ஆண்டில் ஒரு பருவத்திலேதான் ஆட்கள் மிகுதியாக வேண்டும். தேயிலைக்கோ நாள்தோறும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆகவே தமிழகத்திலிருந்து வந்து மீண்டுகொண்டிருந்த மக்கள், தேயிலைக் காலத்திலே குடும்பத்தோடு லயங்களில் நிலையாகக் குடியேறினர். கஹவத்தைப் பக்கத்து எந்தானை, ஹவுப்பே, வெள்ளந்துறை முதலிய தோட்டங்களும், மாதம்பை, இறக்குவானை வட்டாரத் தோட்டங்களும் இவ்வாறு தமிழ் ஊர்களாயின. எனினும் நுவரெலியாப் பகுதியைப் போன்று தொடர்ந்து பரந்த தோட்டப் பரப்பு ஈண்டு இல்லை. சிங்களக் கிராமங்களுக்கும் வயல்களுக்கும் இரத்தினக்கல் அகழும் குழிகளுக்கும் இடையிடையே, தீவுகள்போலத் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. சப்பிரகமுவைத் தோட்ட மக்களின் வாழ்வைப் பற்றிய எவ்வாராய்ச்சியும் இச்சிதறலை மறத்தலாகாது. அவர்களுக்குக் கடையும் தபாலும் மருந்தும் நீதிமன்றும் அயல்மொழி பேசும் நகரத்திலேயே இருந்தன.

புகையிரதம் இப்பகுதியை அணுகியும் அணுகாமலும் நின்றுவிட்டது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாதை 1902இல் அவிசாவளையையும், 1912இல் இரத்தினபுரியையும் அடைந்தது. 1919இல் கஹவத்தை வழியாக ஓப்பநாயக்கவில் முடிவுற்றது. கொடகவெலவுக்கு அது வரவில்லை. புகையிரதம் வந்த ஊர்களிலே நிலையமே நகரின் நடுவிடமாகும். மேடையும் கூரையும் மணியும் அமைந்த பொதுவிடம் ஒன்றை அரசாங்கமே கட்டித்தரும். புகையிரதம் வாராத ஊருக்கோ வீதியின் ஓரமே நிலையம், கடையின் தாழ்வாரமே மேடை. கொடகவெல இவ்வகையது. பின்னர் 1970களில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட இருப்புப்பாதையும் மூடப்பட்டது. புகைவண்டி சுமந்த பாரமும் வீதியின்மேல் விழுந்தது. ஆண்டுக்கு ஆண்டு பெருகிவந்த வண்டிகளுக்கு மாற்றுவழி தேடாது, இருந்த ஒரு வழியையும் அடைத்தமை தூரநோக்கற்ற செயலேயாம்.

நிற்க. இத்தகைய வீதியோர நகரங்களின் பொதுவாழ்வு எந்நாளும் ஒரே தன்மையதாய் இருந்ததில்லை. தோட்டத்துச் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மாதத்துப் பத்தாம் நாளையொட்டி வழங்கப்பட்டது. சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையிலே நகரத்தின் தோற்றமே வேறு. லயத்திலிருந்து விடியற்காலை புறப்பட்டுக் கொழுந்து மலைகளினூடே இறங்கிவந்த குடும்பங்கள் பெருவீதியை அடைந்ததும், ஆடவர் முன்னும் பெண்டிர் பின்னும் பிள்ளைகள் இடையுமாக நிரையாகச் செல்வர். புடைவைக் கடை, வெற்றிலைத் தட்டு, அடகு பிடிக்குமிடம், நகைத் தொழிலாளியின் சிறு கடை என ஒவ்வோரிடத்தும் ஒரு கணக்கு அவர்களுக்காகக் காத்திருக்கும். அரிசி பெரும்பாலும் தோட்டத்திலேயே கொடுக்கப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டதால், கையில் எஞ்சிய சிறுதொகையே நகரத்துக்கு வந்தது. அச்சிறுதொகைகள் ஆயிரக்கணக்கிற் கூடியபோது அதுவே கடைவீதியின் மாத வருமானமாயிற்று. சிங்களக் கடைக்காரரும் முஸ்லிம் வணிகரும் தமிழ் வியாபாரிகளும் தோட்டத் தமிழிற் பேரம் பேசக் கற்றனர். தோட்டத்து மக்களும் சந்தைச் சிங்களத்தைக் கற்றனர். எந்தப் பாடசாலையும் கற்பியாத அவ்விருமொழிப் பயிற்சியைச் சந்தை கற்பித்தது. இன்றும் சப்பிரகமுவைத் தோட்டத் தமிழர் தங்குதடையின்றிச் சிங்களம் பேசுவதற்கு இது ஒரு காரணம். மறுபுறத்தே, உயர்வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலைகள் இம்மாவட்டத்திற் குறைவாயிருந்தமையால் தமிழ்ப் பிள்ளைகள் பலர் சிங்களமொழியிலேயே கற்கவேண்டியவராயினர் என்பதையும் உடன் கூறுதல் நேர்மையாகும். சந்தையிற் கற்ற மொழி வேறு. வேறு வழியின்றிக் கற்ற மொழி வேறு.

மாலையில் அக்கூட்டம் மீண்டும் மலையேறும். பெருவீதியிலிருந்து தோட்டத்து வழி பிரியுமிடத்திலே பெயர்ப்பலகையும் படலையும் இருக்கும். அப்படலையைக் கடந்தவுடன் அவர்கள் பொதுவிடத்தை நீங்கித் தனியார் நிலத்துட் புகுந்தவராவர். இக்கூற்று வெறும் அணிநயம் அன்று. தோட்டத்து வழி தோட்டத்துக்குரியது. அதிலே அயலார் செல்வது துரையின் இசைவைப் பொறுத்தது. உறவினர் வருவதாயினும் கேள்வி உண்டு. தொழிற்சங்கத்தார் நுழைய முயன்றபோது அத்துமீறல் வழக்குகள் எழுந்தன. தொழிலாளிக்கு வரும் கடிதமும் அவன் வீட்டுக்கு வருவதில்லை. தபாற் கந்தோரிலிருந்து தோட்டத்து ஆளான ‘தப்பாற்காரன்’ பையிலிட்டு எடுத்துச்செல்ல, தோட்டத்து அலுவலகமே அதனைப் பெற்றுப் பின்னர் வழங்கும். லய அறைகளுக்கு முகவரி இல்லை. அரசாங்கத் தபால் உலகெங்கும் சென்றது. லயத்து வாசலுக்கு மட்டும் செல்லவில்லை.

இவ்வேலி தமிழ்த் தொழிலாளியை மட்டும் கட்டுப்படுத்தியதென எண்ணுதல் தவறு. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் பின்னர், கிராமத்தவர் பயன்படுத்திவந்த காடும் மேய்ச்சல் நிலமும் தோட்டங்களாகிய இடங்களிலே, சிங்களக் கிராமத்தவரும் தம் வயலுக்கோ வீதிக்கோ செல்லத் தோட்டத்தைச் சுற்றவேண்டியவராயினர். படலைக்கு உள்ளே இருந்தவனும் வெளியே இருந்தவனும் ஒரே படலையால் வருந்தினர். ஆயின் ஒருவன் துன்பத்துக்கு மற்றவனே காரணம் என இருசாராரும் எண்ணும்படியாக நிகழ்ச்சிகள் அமைந்தன.

அதற்குச் சிறந்த சான்று, கொடகவெலவைப் போலவே சப்பிரகமுவை மாகாணத்தைச் சேர்ந்த கேகாலை மாவட்டத்திற் கிடைக்கின்றது. 1946ஆம் ஆண்டிலே உந்துகொடைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, நிலமற்ற கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிக்க முற்பட்டது. நிலமற்றோர்க்கு நிலம் என்பது நல்ல நோக்கமே. ஆனால் அத்தோட்டத்திலே வாழ்ந்துவந்த தமிழ்த் தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் போவதற்கு வேறிடம் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தனர். தம் பிறப்பும் உழைப்பும் கழிந்த லயங்களிலே தங்கியிருந்தமையே குற்றமாகி, அத்துமீறல் வழக்குகள் தொடரப்பட்டன. இலங்கை இந்திய காங்கிரஸ் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. வழக்குகளுள் ஒன்று லண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. தனக்கு உரிமை உண்டென உண்மையாக நம்பி ஓரிடத்திலே தங்கியிருப்பவனை, அவன் இருப்பு உடைமையாளருக்கு வெறுப்பூட்டும் என்னும் காரணங்கொண்டு மட்டும் குற்றவாளியாக்குதல் பொருந்தாது என்பது அம்மன்றின் முடிபு. தன் வீட்டிலே தொடர்ந்து வாழ்வதே அத்தொழிலாளியின் நோக்கமாயிருந்தது என நீதியரசர் கண்டனர். அத்தீர்ப்பு அதன்பின் பல நாடுகளின் சட்ட நூல்களிலே எடுத்தாளப்பட்டது. சப்பிரகமுவையின் ஒரு மூலையிலே லய அறையை விட்டு நீங்க மறுத்த ஒரு தொழிலாளி, அத்துமீறல் என்னும் சட்டக்கருத்துக்கே எல்லை வகுத்துத் தந்தான் என்பது நினைக்கத் தக்கது.

இனி உள்ளூராட்சியை நோக்குவோமாயின், படலையின் நிழல் அங்கும் நீண்டு கிடப்பதைக் காணலாம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் அதனைப் பெற்றனர். ஆனால் 1937–38ஆம் ஆண்டுகளிலே கிராமச் சங்கங்களுக்கான வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது, தோட்டத்திற் குடியிருக்கும் தொழிலாளர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து எழுந்த எதிர்ப்பும், 1939இல் ஜவாஹர்லால் நேருவின் இலங்கை வருகையும், அவ்வாண்டு இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியமையும் இப்பின்னணியிலே நிகழ்ந்தன. சந்தையின் கூரைக்கும், நகரத்துக் கிணற்றுக்கும், வீதி விளக்குக்கும் உரிய முடிவுகளைக் கிராமச் சங்கம் செய்தது. சந்தை வரியின் சுமை பொருளின் விலையோடு கூடித் தோட்டத்தவன் தலையிலும் விழுந்தது. அதனைச் செலவிடுவது பற்றி அவனைக் கேட்பாரில்லை.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே இலங்கை இந்திய காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அவை மத்திய, ஊவா மாகாணங்களைச் சார்ந்தவை. சப்பிரகமுவையிலிருந்து ஒன்றேனும் இல்லை. மேற்கூறிய சிதறலின் பயன் இது. அடுத்து 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களும் வாக்குரிமைத் திருத்தமும் எஞ்சியிருந்ததையும் பறித்தன. மலைநாட்டின் பிற பகுதியினர் பெற்றிருந்ததை இழந்தனர். சப்பிரகமுவைத் தோட்ட மக்களோ பெறாமலே இழந்தனர் எனலாம். நாடற்றோராய் நின்ற அக்காலத்திலும் மாதந்தோறும் அவர்கள் நகரத்துக்கு வந்தனர், கடைகள் நடந்தன, வீதி நிறைந்தது.

1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. அதற்கு முன்னர் ஒவ்வொரு வீதியும் ஒவ்வொரு தனியார் கம்பனியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. இலாபம் உள்ள நேரத்தில் வண்டி ஓடும், இல்லாத நேரத்தில் ஓடாது. சபையின் சிவப்பு வண்டிகள் வந்தபின் கடைக்கோடிக் கிராமங்களுக்கும் நேர அட்டவணையோடு வண்டி சென்றது. சபையைக் குறைகூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆயினும் பஸ்வண்டியின் இருக்கையிலே துரைக்கும் தொழிலாளிக்கும், சிங்களவருக்கும் தமிழருக்கும், பிரசைக்கும் நாடற்றவனுக்கும் ஒரே சீட்டு, ஒரே கட்டணம். குடியுரிமைப் பத்திரத்தைக் கேளாது மனிதனை ஏற்றிச்சென்ற அரசாங்க நிறுவனம் அதுவொன்றே என்று கூறினும் மிகையாகாது. பஸ் நிற்குமிடம் நகரத்தின் புதிய பொதுவிடமாயிற்று. 1979ஆம் ஆண்டளவிலே தனியார் வண்டிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின் நேர அட்டவணையின் இடத்தை நடத்துநரின் கூவலும் வண்டிகளின் போட்டியும் பிடித்துக்கொண்டன. இன்றைய சந்தி நெருக்கத்தில் ஒரு பங்கு அப்போட்டியின் விளைவே.

மற்றொரு பங்கு தெற்கிலிருந்து வந்தது. 1960களில் உடவளவை அணை கட்டப்பட்டு வளவைச் சமவெளியிலே குடியேற்றங்கள் எழுந்தபின், முன்னர்க் காடாயிருந்த எம்பிலிப்பிட்டியப் பகுதி நெல்லும் வாழையும் விளையும் நாடாயிற்று. அவ்விளைபொருள்கள் கொழும்புக்குச் செல்லும் வழிகளுள் கொடகவெலவினூடாகச் செல்லும் வழி முக்கியமானது. தவளங்களின் காலத்தில் உப்பு ஏறிய திசையிலே, லொறிகளின் காலத்தில் நெல் ஏறுகின்றது. ஆகவே நகரத்து வீதி, மலையின் பொருளையும் சமவெளியின் பொருளையும் ஒருங்கே தாங்கவேண்டியதாயிற்று.

பொருள் மட்டுமன்றிப் பக்தியும் இவ்வீதியிற் பயணஞ் செய்கின்றது. சப்பிரகமுவையிலிருந்து கதிர்காமம் செல்வோர்க்கு எம்பிலிப்பிட்டிய, நோனாகம, திஸ்ஸமகாராமை வழியே நேர்வழி. ஆடித் திருவிழாக் காலத்திலே வேப்பிலை கட்டிய வண்டிகளில் அரோகரா ஒலியோடு தமிழ் அடியார் செல்வர். அதே வண்டித் தொடரிலே வெண்ணிற ஆடையுடன் சிங்கள அடியாரும் செல்வர். கந்தனென்றும் கதிர்காமத் தெய்வமென்றும் வெவ்வேறு பெயரால் அழைப்பினும், இருசாராரும் ஒரே கடையிலே தேநீர் அருந்தி ஒரே திசையிற் போவர். வெசாக் காலத்திலே வீதியோரத்தில் அமைக்கப்படும் தன்சல்களிலே வருவோர் யாவர்க்கும் உணவு உண்டு, இனம் கேட்பதில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிற் கரகமும் காவடியும் தப்பொலியும் படலையைத் தாண்டிப் பெருவீதிக்கு இறங்கும் வழக்கமும் மலையகத்திற் பரவலாக உண்டு. ஆண்டு முழுவதும் வாங்குவோராகவும் பயணிகளாகவும் மட்டுமே வீதிக்கு வந்த மக்கள், அவ்வொரு நாளிலே தம் தெய்வத்தோடு வருகின்றனர். ஒரு சமூகம் பொதுவிடத்தைத் தன்னுடையதாகவும் கொள்ளும் முறைகளுள் இதனினும் அழுத்தமானது வேறில்லை. வண்டிகள் ஒதுங்கி நிற்கும், போக்குவரத்துத் தடைப்படும், அத்தடையைப் பொறுத்துக்கொள்ளும் அளவே அந்நகரின் அயலுறவுக்கு அளவுகோல்.

அப்பொறுமை முறிந்த காலங்களும் உண்டு. 1977 ஆகஸ்டிலும், 1981 ஆகஸ்டிலும், 1983 ஜூலையிலும் எழுந்த வன்செயல்களிலே இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்ட மக்கள் தாக்கப்பட்டனர். சிதறிய தீவுகளாயிருந்த லயங்களுக்குத் தற்காப்பு ஏது? மாதந்தோறும் நடந்துசென்ற வீதியே அச்சந்தரும் வீதியாயிற்று; பகற்பொழுதிலே நகரத்துக்கு இறங்கத் தயங்கியோர் பலர். அயற் சிங்களக் குடும்பங்கள் தம் வீடுகளில் மறைத்துக் காத்தவர்களும் இருந்தனர் என்பதை வரலாறு மறைத்தல் கூடாது. ஒரு பகுதியினர் அனைத்தையும் விட்டு வவுனியா முதலிய வடபகுதிகளுக்குச் சென்று காடுவெட்டிக் குடியேறினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதிச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றோரும் உளர். அவ்வொப்பந்தம் 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். பாஸ்போட் கைக்கு வந்தபின் பாத்திரங்களை விற்பதற்கும் பெட்டி வாங்குவதற்கும் கடைசி முறையாகக் கடைவீதிக்கு இறங்கிய குடும்பங்கள் எத்தனை! மலைநாட்டுச் சிறுநகரங்கள் தம் மக்களுள் ஒரு பகுதியினரை இவ்வாறு பஸ் ஏற்றி அனுப்பின. எஞ்சியோர்க்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வேண்டியிருந்தன.

குடியுரிமை கிடைத்தது, படலை மட்டும் நின்றது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டுப் பின்னர் நீண்டகாலக் குத்தகையாயிற்று. நிலம் அரசாங்கத்தினது; ஆயின் வழி தனியாரது! 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின் வாசகம், தோட்டக் குடியிருப்புகளிலே சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். அவர்களால் தெரிவானோர் சபையில் அமர்ந்தனர். ஆனால் அவ்வுறுப்பினர் தாம் பிறந்த லயத்தின் முன்னுள்ள குழியைச் சபைப் பணத்தில் நிரப்ப இயலாதிருந்தனர். பெருவீதியோரத்திலே வடிகால் வெட்டலாம். படலைக்கு உள்ளே மழைநீர் லயத்திற் புகுந்தால் அது தோட்டத்தின் காரியம். 30 ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த இந்நிலை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே மாற்றப்பட்டது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இரத்தினபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 10,88,007. அதிலே நூற்றுக்கு ஏறக்குறைய 87 பேர் சிங்களவர். தேயிலையும் இப்பொழுது பெருந்தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. தாழ்நாட்டுத் தேயிலையிற் பெரும்பகுதி கிராமத்தவரின் சிறுதோட்டங்களிலிருந்து வருகின்றது. வீதியோரத்திலே கொழுந்து மூடைகளோடு காத்திருப்போரும், அவற்றை ஏற்றித் தொழிற்சாலைக்கு விரையும் லொறிகளும் இப்பகுதியின் நாளாந்தக் காட்சி. அக்கொழுந்தைப் பறிப்போருள் அயல் தோட்டத்து லயங்களிலிருந்து நாட்கூலிக்கு வரும் தமிழ்ப் பெண்களும் உளர். காலையிலே தோட்டத்து வேலைக்குப் பெரட்டுக்குச் சென்ற தாயின் மகள், இன்று பஸ் ஏறிக் கிராமத்துச் சிறுதோட்டத்துக்குச் செல்கின்றாள். மற்றொரு மகள் நகரத்துப் புடைவைக் கடையிலே இருமொழியிலும் விலை கூறுகின்றாள். மகன் முச்சக்கர வண்டி ஓட்டுகின்றான். சந்தி நெருக்கத்தைக் குறைக்க வண்டி நிறுத்துமிடம் ஒதுக்குவதாயினும், நடைபாதைக் கடைகளை அகற்றுவதாயினும், இவர்களையும் உட்படுத்தியே கணக்கிடவேண்டும். நடைபாதைக் கடையை வெறும் இடையூறெனக் கொள்வோர், சம்பளத்து ஞாயிறுகளிலே அவ்வோரத்திற் பொருள் வாங்கிய கைகளால் உருவானதே அக்கடைவீதி என்பதை அறியாதவராவர்.

திருத்தச் சட்டம் வந்தபின் சபைக்குத் தோட்டத்து வழியைச் செப்பனிடும் அதிகாரம் உண்டு. அதற்குப் போதிய பணம் உண்டா என்பது அடுத்த கேள்வி. மலைச்சரிவில் லயத்துக்கும் பெருவீதிக்கும் இடைப்பட்ட வழிகள் பலவும் பழைய வண்டித்தடத்திலே கற்கள் பெயர்ந்து கிடக்கின்றன. முச்சக்கர வண்டிகள் ஏறத் தயங்கும் அவ்வழிகளிலே, மாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய பாடசாலைப் பிள்ளைகள் படலையைக் கடந்து நடந்தே ஏறுகின்றனர்.